ஒரு பிடி நம்ம அடுப்பில் ஏறுமா?

தை பிறந்து பத்து நாள் இருக்கும், ஊருக்குப் போயிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டி வேப்பூர் பக்கம் வரும்போதே சாலையோரம் மஞ்சளாகிவிடும். சர்வீஸ் ரோட்டில் பாதியைக் கருங்கல் வைத்து மறித்து, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் காயப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் களம் இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. அதனால் தார்ச்சாலைதான் களம். ராத்திரியில் வண்டி ஏறிவிடக் கூடாதென்று அண்ணன் அங்கேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.

அம்மாவுக்கு 71 வயது. சாயங்காலம் அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் போனோம். அவர் சாப்பிடுகிறவரை அம்மா குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் மணிகளை உருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டது.

"இம்மாம் காயுதேப்பா, இதுல ஒரு புடி நம்ம அடுப்புல ஏறுமா?"

"இது கோழித் தீவனம்மா. நாமக்கல்லுக்குப் போறது," என்றார் அண்ணன்.

அம்மா கையிலிருந்ததைக் குவியலிலேயே போட்டுவிட்டு எழுந்தது. கடலூருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் கடலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன். பத்தொன்பது வருஷமாக விரல் குத்தி ரத்தம் எடுக்கிறேன். வயிறு நிறைய மூன்று வேளை சோறு தின்றுவிட்டு வரும் பெண்களின் ஹீமோகுளோபின் எட்டு, எட்டரை என்று நிற்கும். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும், மற்றப் பெண்களுக்கு 12. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னபோது எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை. என் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். பசி என்றால் ஒட்டிய வயிறு மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அரிசியால் நிரம்பிய வயிற்றுக்குள்ளும் ஒரு பசி இருக்கிறது. நான் தினமும் குழாயில் பார்ப்பது அதைத்தான்.

அம்மா கேட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அம்மா சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போனபோது மதியம் மஞ்சள் நிறத்தில் ஒரு உப்புமா போடுவார்களாம். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவு. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு, 1961 முதல் 'கேர்' என்ற அமைப்பு கப்பலில் அனுப்பிய பொருள் அது. கூடவே பால் பவுடர். "வாசன ஒரு மாதிரி கெட்டுப்போன எண்ணெயாட்டம் இருக்கும். ஆனா தட்ட வழிச்சித் தின்போம்" என்று சொல்லும் அம்மா. மழை பொய்த்த 1965, 66இல் அந்த மதியச் சாப்பாடு மட்டுமே சாப்பாடாக இருந்த நாட்கள் உண்டாம்.

அந்த இரண்டு வருஷமும் நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாக அனுப்ப ஒத்துக்கொள்ளவில்லை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். வியட்நாம் போர் பற்றி இந்தியா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவன் களஞ்சியத்தை நம்பி அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை வயிற்றால் கற்றது. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும், எம். எஸ். சுவாமிநாதனும் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைக் கொண்டுவந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். அதே வருஷம் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 நெல் வந்தது. பசுமைப் புரட்சியைத் திட்டுவது இன்று சுலபம். திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் உப்புமாத் தட்டை வழித்துத் தின்ற பிள்ளையின் மகளாக இருந்துகொண்டு, அது தேவையே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் கொல்லைக்கு அந்தப் புரட்சி நேராக வரவில்லை. மானாவாரிக் கரிசல், கிணறு கிடையாது. ஆயா காலத்தில் வரகும் துவரையும் கலந்து விதைப்பார்கள், வரப்போரம் ஆமணக்கு. ஒரு பக்கம் கம்பு, சில வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. வரகு ரெண்டு மழைக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் பூச்சி அண்டாமல் குதிரில் கிடக்கும். கோயில் கலசத்தில் வரகைப் போட்டு வைப்பது சும்மா இல்லை. ஆனால் அதைச் சோறாக்குவதற்குள் உயிர் போய்விடும். தோல் அடுக்கடுக்காக இருக்கும். மண் பூசிய திருகையில் அரைத்து, புடைத்து, திரும்ப உரலில் இடித்து, மறுபடி புடைத்து. ஒரு வேளைச் சோற்றுக்கு ஆயா விடியற்காலை நாலு மணிக்கு உட்காரும். அறுப்பில் மழை நனைத்துவிட்டால் அந்த வரகைத் தின்றவர்களுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். பழைய சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் திருகைக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களைச் சேர்த்து நினைக்க வேண்டும்.

அண்ணன் மக்காச்சோளத்துக்கு மாறி இருபது வருஷம் ஆகப் போகிறது. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நடவுக்கும் களையெடுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி இருக்கிறது, கதிரடிக்க மெஷின் இருக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துப்போக வியாபாரி இருக்கிறார். வரகுக்கு இதில் ஒன்றும் கிடையாது. புரட்டாசியில் விதைத்தால் தையில் காசு. பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் தையில்தான் கட்டியாக வேண்டும்.

ஆனால் அந்தக் கொல்லையில் இன்று எங்கள் ஊர்ப் பொருள் என்று எது இருக்கிறது? ஒருநாள் அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விதை ஏக்கருக்கு எட்டு கிலோ, வீரிய ஒட்டு விதை. அறுத்ததை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. வருஷா வருஷம் கடைக்குத்தான் போக வேண்டும். டிஏபி உரம் மூட்டை 1,350 ரூபாய். அதிலுள்ள மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, இந்தியா மொராக்கோவையும் சவுதி அரேபியாவையும் சீனாவையும் எதிர்பார்க்கிறது. பொட்டாஷ் மொத்தமும் கனடா, ரஷ்யா, பெலாரஸ் என்று வெளியிலிருந்து வருவது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இயற்கை எரிவாயுவின் உதவியால் பிடித்துச் செய்வது அது. அந்த எரிவாயுவிலும் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. உக்ரைனில் 2022இல் போர் தொடங்கியபோது பொட்டாஷ் விலை மூட்டை 1,700 ரூபாய் வரை ஏறியது. அந்த வருஷம் அண்ணன் பொட்டாஷ் போடவில்லை. யூரியா தட்டுப்பாடு வந்தால் கடைக்காரர், அதோடு வேண்டாத ஒரு திரவ பாட்டிலையும் வாங்கினால்தான் மூட்டை தருவேன் என்பார். வாங்கிக்கொண்டு வருவார். வேறு என்ன செய்ய?

புழுவும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகாவில் தென்பட்டது. அதே வருஷம் ஐப்பசிக்குள் பெரம்பலூரையும் எங்கள் பக்கத்தையும் மேய்ந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். அண்ணன் நாலு தடவை மருந்தடித்தார். நாலாவது தடவை அடித்துவிட்டு வந்து திண்ணையில் விழுந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி மோர் கொடுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றியது. நான் போனில் கத்தினேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று. மறுநாள் எழுந்து வழக்கம்போல் கொல்லைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் ஏக்கருக்கு ஆறு மூட்டைதான்.

இப்படியெல்லாம் விளைவித்தது எங்கே போகிறது என்பதுதான் அம்மாவின் கேள்வி.

உலகத்தில் ஒரு வருஷத்தில் விளையும் தானியம் 280 கோடி டன்னுக்கு மேல். 820 கோடி பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு வருஷத்துக்கு 340 கிலோவுக்குக் குறையாமல் வருகிறது. நாளுக்கு ஒரு கிலோவை ஒட்டி. காய்கறி, பருப்பு, கிழங்கு, மீன் இந்தக் கணக்கில் இல்லை. அப்படியிருந்தும் 2024இல் 67 கோடிப் பேர் பசியோடு படுத்தார்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை. சத்தான சாப்பாட்டுக்குக் கையில் காசு போதாதவர்கள் 260 கோடி. என் பதிவேட்டிலிருக்கும் பெண்கள் பலர் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

விளைந்த தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆடு மாடு கோழி பன்றிக்குப் போகிறது. அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகி காரில் எரிகிறது. அங்கே எத்தனால் ஆலைகள் பெருகிய நேரத்தில், 2007 ஜனவரியில், மெக்சிகோவில் சோள ரொட்டி விலை எகிறி ஆயிரமாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். மக்காச்சோளம் பிறந்த மண்ணே மெக்சிகோதான். இப்போது நம் ஊரிலும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். வழக்கமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்த இந்தியா, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கும் நிலைக்கு வந்தது. அந்த வருஷம் அண்ணனுக்கு நல்ல விலை கிடைத்தது, வீட்டுக்கு ஓடு மாற்றினார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போன அறுவடையில் விலை சரிந்தது. அரசு 2025-26க்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். எங்கள் ஊரில் அந்த விலைக்கு எடுக்க ஆளில்லை, வியாபாரி சொன்னதே விலை. இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசியிலும் 2024-25இல் 52 லட்சம் டன் எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. அரிசி மிதமிஞ்சி இருப்பதால் கொடுக்கிறோம் என்கிறார்கள். எட்டு பாயிண்ட் ஹீமோகுளோபினோடு என் முன்னால் உட்காரும் பெண்ணிடம் மிதமிஞ்சியது என்ற சொல்லை எப்படிச் சொல்வது?

எண்ணெயையும் சொல்ல வேண்டும். தென்னார்க்காட்டு மல்லாட்டை 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது, சோப்பும் எண்ணெயும் செய்ய. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இன்றும் புதுப் புது மல்லாட்டை ரகங்களை வெளியிடுகிறது. ஆனால் அந்த மாவட்டத்து ரேஷன் கடையில் கொடுப்பது பாமாயில், இந்தோனேசியாவும் மலேசியாவும் ஏற்றி அனுப்புவது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் எங்கள் தெரு மளிகைக்கடையில் எல்லா எண்ணெயும் விலை ஏறியது.

ஹைதி நாட்டைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பதுகள் வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1995இல் வெளியார் நெருக்குதலில் அரிசி இறக்குமதி வரியை 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது, உள்ளூர் விவசாயி நிலத்தை விட்டு நகரத்துக்கு ஓடினார். 2008இல் உலக விலை ஏறியபோது மலிவு அரிசியும் இல்லை, சொந்த அரிசியும் இல்லை. ஏப்ரலில் கலவரம் வந்து பிரதமர் பதவி போனது. "இது என் சொந்த மாநிலத்து விவசாயிகளுக்கு லாபமாக இருந்திருக்கலாம், ஆனால் தவறு" என்று முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனே 2010இல் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதால் வயல் திரும்பி வரவில்லை. இன்று அந்த நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாப்பாடு உறுதியில்லை. மஞ்சள் உப்புமாவிலிருந்து நாம் எழுந்து வந்த அதே காலத்தில் அவர்கள் எதிர்த்திசையில் தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

நாம் எப்படி எழுந்தோம்? ஐ.ஆர். 8 மட்டும் செய்த வேலையாக அதை நான் நினைக்கவில்லை. விளைந்ததைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தட்டில் சேர்க்க ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தது. பிள்ளைகள் எல்லாம் "ஆயா, ஆயா" என்று கூப்பிட, 28 வயதில் அம்மா ஊருக்கே ஆயாவானது. 1989இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று வந்தது. முதல் முட்டை நாளன்று அம்மா எண்ணி எண்ணி வேகவைத்ததையும், வாங்கிய முட்டையைத் தின்னாமல் தம்பிக்கென்று பாவாடையில் முடிந்துகொண்டு போன பெண்ணை நிறுத்தி இன்னொன்று கொடுத்ததையும் இப்போதும் சொல்லும். இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எம் பங்கு" என்று சொல்லும். சமைக்கிறவருக்குப் பங்கு கிடையாதே என்று நான் கேட்டதில்லை. பின்னாளில் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றானது.

அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வருவது. அண்ணனின் சோளம் போகும் அதே நாமக்கல். கோழி ஒரு நாளைக்குத் தின்னும் நூற்றுப் பத்து கிராம் தீவனத்தில் பாதி சோளம். அப்படியானால் எங்கள் கொல்லைச் சோளத்தில் ஏதோ ஒரு துளி ஏதோ ஒரு பிள்ளையின் தட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது கவருமெண்டு குடுக்கறவரைக்கும்டி" என்றது.

அந்த ஒரு வரியில் இருப்பதை நான் பாகூரில் கண்டேன். சித்தி மகளை அங்கே கொடுத்திருக்கிறோம். கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடை கடந்து கொஞ்ச தூரம். ஏரியும் நெல்லுமாக, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய இடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அந்தப் பக்கம் 2015 செப்டம்பரில் மத்திய அரசின் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போடத் தொடங்கினார்கள். போகப் போக ரேஷன் கடைகளே மூடிக் கிடந்தன. 2024 தீபாவளி சமயத்தில்தான் மறுபடி திறந்து அரிசி போட்டார்கள். பணம் இருந்தால் பிடித்ததை வாங்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். தங்கச்சி சொன்னது வேறு. "அக்கா, அரிசியா வந்தா அது பானைக்குத்தான் போவும். காசா வந்தா அது யாரு கண்ணுல படுதோ அவங்களுக்குப் போவும்." வங்கி பிடித்துக்கொண்டது ஒரு மாதம், சிலிண்டர் ஒரு மாதம், வீட்டுக்காரர் எடுத்தது ஒரு மாதம். எங்கள் அம்மா ரேஷன் அரிசியில் ரெண்டு மூன்று கிலோவைத் தனியே எடுத்து வைத்துப் பாகூருக்குக் கொடுத்தனுப்பிய மாதங்கள் உண்டு. நெற்களஞ்சியத்துக்கு, வானம் பார்த்த பூமியிலிருந்து.

போர் நடக்கும் இடங்களில் இது இன்னும் அப்பட்டம். சூடானின் ஜம்ஜம் முகாமில் 2024 ஆகஸ்டிலும், காசாவில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. எல்லையில் லாரிகள் மூட்டைகளோடு நின்றுகொண்டிருந்தன. வழியை மறித்தால் போதும், வயலை எரிக்கக்கூட வேண்டாம்.

போன புரட்டாசியில் நானும் அம்மாவும் சொல்லிச் சொல்லி, அண்ணன் அரை ஏக்கரில் வரகு போட்டார். உரம் இல்லை, மருந்து இல்லை, வந்துவிட்டது. வந்ததும்தான் சங்கடம். உமி நீக்கும் மெஷின் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றும் இல்லை. நெல் மில்லில் போட்டால் நொறுங்குகிறது. ஒரு மூட்டையை அவ்வளவு தூரம் ஏற்றிப்போய் அரைத்து வந்தால் கூலி வாடகையிலேயே போய்விடும். இந்தப் பக்கம் கடலூர்க் கடைகளில் பளபளக்கும் பாக்கெட்டில் வரகரிசி இருக்கிறது. வாங்குகிறவர்கள் சர்க்கரை நோய்க்காரர்கள். என்னிடம் ரத்தம் கொடுக்கும் பெண்களுக்கு அந்த விலை எட்டாது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினோம். ஒன்றியத்துக்கு ஒரு உமி நீக்கும் மெஷின் வைத்திருந்தால் என் ஆயா உட்கார்ந்த இடத்தில் யாரும் உட்காராமலே வரகுச் சோறு கிடைக்கும். அப்படிக் கிடைத்ததைச் சத்துணவில் வாங்கிக்கொண்டால் அண்ணனுக்கு வியாபாரியும் கிடைத்துவிடுவார். இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு வடலூர் போவது எங்கள் வீட்டு வழக்கம். வள்ளலார் 1867 மே 23 அன்று தர்மச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் எழுந்த இடம். யார் என்ன என்று கேட்காமல் சோறு போடும் இடம். தாத்தா காலத்தில் கொல்லையில் விளைந்ததில் ஒரு மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவார்களாம். அண்ணன் இந்த வருஷமும் சோளம் விற்ற காசில் வழியில் நிறுத்தி 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கினார். ஆந்திரா அரிசி. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்.

அம்மா தன் மஞ்சப் பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்தது. இரண்டு படி இருக்கும். பரணிலிருந்து ஆயாவின் திருகையை இறக்கி, எங்களிடம் சொல்லாமல் பல நாள் உட்கார்ந்து குத்தியிருக்கிறது. வாங்கிக்கொண்ட பையனுக்கு இருபது வயதிருக்கலாம். அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னா ஆயா?" என்றான்.

"வரகு. சோறாக்கலாம். ஒன்னுக்கு ரெண்டரப் பங்கு தண்ணி வை. கொதி வந்ததும் தீயத் தணிச்சிடு, கிண்டாத."